கல்விச் சுற்றுலாவில் காப்பு நெறிகள்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில், சரிவு வெட்டப்பட்ட இடங்களில், நிலவியல் பயில்வோர் தேடி வந்து காணும் ஒரு கோடு தென்படுகிறது. கோட்டிற்குக் கீழே மிகத் தொன்மையான கிரானைட் பாறை. மேலே நகரி குவார்ட்சைட் எனப்படும் படிவுப் பாறை. இரண்டிற்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் பதிவே இல்லை. அக்காலம் முழுவதும் நிலம் அரிப்புக்கு உள்ளாகிக் கிடந்தது என்பதே அக்கோட்டின் பொருள். தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக இது அறிவிக்கப்பட்டுள்ளது. புவியின் வயதைப் பற்றிப் பாடநூல் பல பக்கங்களில் விளக்க முயல்வதை இக்கோடு ஒரே பார்வையில் உணர்த்திவிடும்.

ஆயினும், 50 மாணவர்களுடன் வரும் பேருந்தை அவ்விடத்தில் நிறுத்தி அவர்களைச் சாலையில் இறக்குவது எண்ணிப் பார்க்கவும் கூடாத செயல். வளைவுகள் நிறைந்த பாதை. இடைவிடாத ஊர்திப் போக்கு. கூட்டமாக ஒதுங்கி நிற்க இடமில்லை. முன்னரே ஒருமுறை அவ்வழியே சென்று வந்த ஆசிரியர், படத்தை வகுப்பிலேயே காட்டி விளக்கிவிடுவார். பேருந்து அவ்விடத்தைக் கடக்கும்போது இருக்கையில் இருந்தபடியே பார்க்கச் செய்வார். மேலே சிலாதோரணத்தை அடைந்த பின், நடமாட இடமுள்ள பூங்காவில், அதே குவார்ட்சைட்டைக் கையால் தொட்டுப் பார்க்கச் செய்வார். பாடம் குறையவில்லை, ஆபத்து பெருமளவு நீங்கிவிட்டது. கல்விச் சுற்றுலாக்களுக்கான விதிகளைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய எடுத்துக்காட்டை மனத்தில் இருத்துவது பயனுடையது.

கல்வி வாழ்க்கையோடு பொருந்த வேண்டும் என்பதை 1964-66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி ஆணைக்குழு வலியுறுத்திற்று. 2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை அதனை இன்னும் குறிப்பாகச் சொல்கிறது: 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் 10 நாட்கள் புத்தகப் பை இன்றி உள்ளூர்க் கைவினைஞர்களிடம் சென்று கற்க வேண்டும், வரலாற்று, பண்பாட்டுச் சிறப்புள்ள இடங்களையும் உயர்கல்வி நிலையங்களையும் நேரில் காண வேண்டும். இதனால் சுற்றுலா என்பது ஆண்டு இறுதியில் கிடைக்கும் இன்பப் பயணம் என்ற நிலை மாறிப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகியுள்ளது. எனவே அதன் பாதுகாப்பும் பள்ளி நிருவாகத்தின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகிறது.

பாடமாக விரிந்த நிலம்

1911-இல் உருவான பழைய சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று பிரிக்கப்பட்டபோது, நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரம் கல்விச் சுற்றுலாவுக்கு அளிக்கும் வாய்ப்புகள் வியப்பூட்டுவன. விஜயநகர அரசர்களின் இறுதிக்காலத் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரியும் அதன் ராஜமகால் அருங்காட்சியகமும் திருப்பதிக்கு மிக அருகில் உள்ளன. குடிமல்லத்துச் சிவலிங்கம் இந்தியக் கலை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களுக்கு உரியது. காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் மாபெரும் ரேடார் நிலையம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் இயங்கும் விண்வெளி ஏவுதளம். அதற்குப் போகும் வழியில் நேலபட்டுப் பறவைகள் புகலிடமும் பழவேற்காட்டு ஏரியும். திருப்பதி நகரிலேயே 1987-இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவும் 1993-இல் தொடங்கிய வட்டார அறிவியல் மையமும் உள்ளன. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள், கடுக்காயும் பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவதையும், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு மை ஆக்குவதையும் காணும் எட்டாம் வகுப்பு மாணவி வேதியியலை வேறொரு வாயிலின் வழியே அடைகிறாள்.

இவற்றைக் காண வருவோர் உள்ளூர்ப் பள்ளியினர் மட்டுமல்லர். வேலூர், திருவள்ளூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பள்ளிகளும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவு என்பதால் இங்கு வருகின்றன. சித்தூர், நகரி, சத்தியவேடு பகுதிகளின் தமிழ்வழி மாணவர்களும் உண்டு. அவர்கள் தெலுங்குப் பலகையைப் படித்துவிடுவர். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குழந்தையோ, ஆழமான மடுவின் அருகே எச்சரிக்கை தெலுங்கில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதனை வெறும் ஓவியமாகவே காணும். சிறியதாகத் தோன்றும் இத்தகைய செய்திகளை எந்த அரசாணையும் தானாகச் சொல்லிவிடுவதில்லை.

விபத்துகள் கூறும் செய்தி

கடந்த 30 ஆண்டுகளில் நாட்டில் நிகழ்ந்த பள்ளி, கல்லூரிச் சுற்றுலா விபத்துகளுள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது துயரம் தருவது. ஆனால் தவிர்க்க முடியாதது. 1995-இல் பதான்கோட்டுப் பகுதிப் பள்ளி ஒன்றின் சிறுவர்கள் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லப்பட்டு 14 பேர் மூழ்கி இறந்தனர். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மாண்டனர். 2014 ஜூன் 8 அன்று, அதே பியாஸ் ஆற்றில், ஐதராபாத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் மேலேயுள்ள லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி மாணவர்களை உதகைக்கு ஏற்றிச் சென்ற தனியார் பேருந்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 5 மாணவர்கள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, சித்தூர் மாவட்ட எல்லையை ஒட்டிய முல்பாகல் வட்டத்து உறைவிடப் பள்ளி மாணவியர் நால்வரை முருதேஸ்வரத்துக் கடல் கொண்டுபோயிற்று.

இவற்றுள் ஒன்றுகூட மாணவர்கள் பாடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நிகழவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அருங்காட்சியகத்திலோ, தொழிற்கூடத்திலோ, கோட்டையிலோ எவரும் இறக்கவில்லை. இடைவேளையிலும், வழியிலும், 'சற்று இறங்கி நனைந்து வரலாம்' என்ற அரை மணி நேரத்திலும், செலவைக் குறைக்க இரவில் மேற்கொண்ட ஓட்டத்திலுமே உயிர்கள் போயின. பயணத் திட்டத்தில் நோக்கம் எழுதப்படாத நேரங்கள் எவையோ அவையே ஆபத்தான நேரங்கள். ஆகவே, கல்வித் துறை அலுவலர் ஒருவர் அனுமதி கோரி வந்த விண்ணப்பத்தை ஆராயும்போது, எந்தெந்த இடங்களுக்குச் செல்கின்றனர் என்பதை விட, ஓர் இடத்திற்கும் மறு இடத்திற்கும் இடையில் என்ன செய்கின்றனர் என்றே முதலில் கேட்க வேண்டும்.

பதான்கோட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குழந்தை ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் விதித்ததை 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பெற்றுக்கொண்ட பள்ளி, அதன் பாதுகாப்பில் உயர்ந்த அளவு கவனம் செலுத்தக் கடமைப்பட்டது என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்ற கருத்து. 2014ஆம் ஆண்டு பியாஸ் விபத்திலோ கல்லூரியோடு மின்வாரியமும் மாநில அரசும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அணையைத் திறப்போர் முன்னெச்சரிக்கை செய்யவில்லை. அழைத்துச் சென்றோர் ஆற்றின் இயல்பை விசாரிக்கவில்லை.

'என் மகனை என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன். எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பாகாது' என்று பெற்றோரிடம் கையொப்பம் பெறும் வழக்கம் பல பள்ளிகளில் உள்ளது. இத்தாள் பள்ளியின் கடமையைப் போக்கிவிடும் என்று தலைமையாசிரியர் எண்ணுவாராயின் அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். ஒப்புதல் கடிதம் வேண்டியதே. ஆனால் அதன் பயன் வேறு: குழந்தைக்கு ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, நீந்தத் தெரியுமா, அவசரத்தில் யாரை அழைப்பது என்பனவற்றை அறிவதற்கே அது பயன்பட வேண்டும். எழுத்தறிவற்ற பெற்றோருக்குப் பயண விவரத்தைப் படித்துக்காட்டி, எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதைப் புரியவைத்த பின்னரே பெருவிரல் ரேகை பெற வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பயணத் திட்டத்தை அக்குழுவின் முன் வைத்துத் தீர்மானம் பெறுவது இதற்கு ஏற்ற வழி.

நீரும் அதன் கவர்ச்சியும்

இவ்வட்டாரத்தில் மாணவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது தலக்கோனா அருவி. திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்காவிற்குள், 270 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. தேவாங்கும் செம்மரமும் வாழும் காடு என்பதால் உயிரியல் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த களம் அரிது. ஆனால் அங்கு செல்லும் கூட்டத்தில் பெரும்பாலோர் நாடுவது நீராட்டத்தையே. 2023-இல் சென்னையில் பயின்றுவந்த மாணவர் ஒருவர் நண்பர் படம்பிடித்துக்கொண்டிருக்க நீரில் பாய்ந்து, பாறை இடுக்கில் சிக்கி உயிரிழந்தார். அருவியின் அடியிலுள்ள மடுவின் ஆழம் மழைக்கேற்ப மாறுகிறது. பாறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காலமும் இங்கே எதிராக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழைதான் இப்பகுதியின் ஆறுகளை நிரப்புகிறது. கார்த்திகை மாத வனபோஜன வழக்கமும், அருவியில் நீர் மிகும் பருவமும், பள்ளிகள் சுற்றுலாவுக்குத் தேர்ந்தெடுக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருகித் திருப்பதியைச் சூழ்ந்ததையும், மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்ததையும் இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. மார்ச்சு நடுவிலோ வெயில் கடுமையாகி அரைநாள் பள்ளி தொடங்கிவிடும். சங்கராந்தி விடுமுறைக்குப் பின் பிப்ரவரி இறுதி வரையிலான ஆறு வாரங்களே மழையும் வெயிலும் அடங்கிய காலம். தேர்வு நெருக்கம் காரணமாகத் தலைமையாசிரியர்கள் அக்காலத்தை விரும்புவதில்லை என்பது உண்மையே. கல்வி ஆண்டின் நாட்காட்டியை வகுக்கும் அலுவலகம் இதனை மாற்றி அமைக்கலாம்.

நீர்நிலை பற்றிய விதி ஐயத்திற்கு இடமின்றி இருத்தல் வேண்டும். ஆசிரியர் 'கவனமாக இருங்கள்' என்று கூறுவது விதி ஆகாது. நீரில் இறங்குவது பயணத் திட்டத்தில் எழுதப்படவில்லையாயின் எவரும் இறங்கலாகாது. முழங்கால் அளவும் கூடாது. படகுப் பயணமாயின், படகின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை வெளியே எழுதப்பட்டிருக்கிறதா, ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்த்த பின்னரே முதல் குழந்தை ஏறலாம். ஹர்ணியில் அனுமதித்த அளவை மீறி ஆட்கள் ஏற்றப்பட்டனர். அங்கிகள் எல்லோருக்கும் இல்லை. இரண்டும் கரையில் நின்றபடியே அறியக்கூடியவை.

இங்கிலாந்தில் 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகுப் பயிற்சியின்போது நான்கு மாணவர்கள் இறந்ததன் விளைவாக, இளையோருக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் உரிமம் பெற்றாக வேண்டும் என்ற சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. படகின் தகுதியை ஆராயும் பொறுப்பு முழுவதையும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் தலையில் சுமத்துவது முறையன்று என்பதை அந்நாடு அன்றே உணர்ந்தது. நம் மாவட்டங்களில் மாணவர் குழுக்களை ஏற்கத் தகுந்த படகுத் துறைகள், தங்குமிடங்கள், ஊர்தி உரிமையாளர் ஆகியோரின் பட்டியலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிட்டால் ஆசிரியர் சுமை பெரிதும் குறையும்.

சாலை, ஓட்டுநர், இரவு

அரசுப் பள்ளிக்குச் சொந்தப் பேருந்து கிடையாது. நிதி குறைவு, குழந்தைகளிடம் பெறும் தொகையும் சிறிது. எனவே மலிவான ஊர்தி வாடகைக்கு அமர்த்தப்படுகிறது. தங்குமிடச் செலவை மிச்சப்படுத்த இரவில் புறப்பட்டு, பகலெல்லாம் சுற்றி, மறு இரவில் திரும்புகின்றனர். வடக்கஞ்சேரி விபத்திற்குப் பின் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் ஓடலாகாது என்று கேரள அரசு வலியுறுத்தியது. குறிப்பிடத்தக்கது என்னவென்றால், அவ்விதி அதற்கு முன்னரே இருந்தது என்பதாகும். இரவுப் பயணத்தின் காரணம் பொருளாதாரம். தங்க இடம் தராமல் இரவு ஓட்டத்தை மட்டும் தடை செய்யும் சுற்றறிக்கை, நேர்மையான தலைமையாசிரியரைச் சுற்றுலாவையே கைவிடச் செய்யும். மற்றவரைப் பதிவேட்டில் நேரத்தை மாற்றி எழுதச் செய்யும். விடுமுறை நாட்களில் காலியாக இருக்கும் சமூக நலத் துறை விடுதிகளையும் உறைவிடப் பள்ளிகளையும் சுற்றுலாக் குழுக்களுக்குத் திறந்துவிட்டால் இத்தடை தானே நடைமுறைக்கு வந்துவிடும்.

வடக்கஞ்சேரியில் மோதிய பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்றது. ஊர்தியின் தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதிச் சீட்டு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் முன்னதாகச் சோதிக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் வலியுறுத்தப்படுகிறது, அது நன்று. ஆயினும் ஓட்டுநர் உறங்கினாரா என்பதை எந்தச் சான்றும் காட்டாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்திற்கு மேற்படாத வேலைக்குப் பின் அரை மணி ஓய்வையும் விதித்திருந்தது. முந்தைய நாள் எங்கே ஓட்டினீர், எப்போது திரும்பினீர் என்று ஓட்டுநரிடம் கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. ஓட்டுநருக்கு உணவும் படுக்கையும் பள்ளியின் செலவுக் கணக்கில் இடம்பெற வேண்டும். பல பயணத் திட்டங்களில் மாணவர்க்குச் சிற்றுண்டி எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர் எங்கே உறங்குவார் என்பது எழுதப்பட்டிராது.

தலக்கோனா செல்லும் வழியிலுள்ள பாகராப்பேட்டைக் கணவாயில் 2022 மார்ச்சு 26 இரவு, திருமண நிச்சயதார்த்தத்திற்குச் சென்ற குழுவினரின் பேருந்து பள்ளத்தில் உருண்டு பலர் இறந்தனர். அதே வழியில்தான் பள்ளிப் பேருந்துகளும் செல்கின்றன. இருட்டும் முன் அக்கணவாயைக் கடந்து திரும்ப வேண்டுமாயின், அருவியிலிருந்து பிற்பகல் 3 மணிக்கே புறப்பட வேண்டும். அதற்கு உணவு நண்பகலில் முடிய வேண்டும். அதற்குக் காலை 7 மணிக்குத் திருப்பதியை விட்டிருக்க வேண்டும். திட்டமிடுவோர் இவ்வாறு திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதலே சரியான முறை.

திருமலை மலைப்பாதையில் விதிக்கப்பட்ட ஓர் ஏற்பாடு இங்கே எண்ணத்தக்கது. ஊர்தி ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடமும் ஆக வேண்டும். ஒரு முனையில் நேரம் குறிக்கப்படுகிறது, மறுமுனையில் சரிபார்க்கப்படுகிறது. விரைந்து வந்தவர் பிடிபடுகிறார். அறிவுரை எதுவும் தேவைப்படாமல் விதி தன்னையே காத்துக்கொள்ளும் அமைப்பு இது. பள்ளிச் சுற்றுலாவிலும் ஒவ்வோர் இடத்தை அடைந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் தலைமையாசிரியருக்குச் செய்தியாக அனுப்பும் கடமை இதே வகையில் பயன் தரும்.

காடும் கூட்டமும்

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் 6 வயதுச் சிறுமி சிறுத்தையால் கொல்லப்பட்ட பின், 15 வயதுக்கு உட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்கு மேல் அப்பாதையில் நடக்கத் தேவஸ்தானம் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சிவராத்திரியை ஒட்டிக் காட்டு வழியே தலக்கோனாவுக்கு நடந்த பக்தர்கள் மூவர் யானைகளால் இறந்தனர். பலமனேர், குப்பம் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயமும் யானைகள் நடமாடும் இடமே. வனத்துறையின் எழுத்து வழி அனுமதியும் வழிகாட்டியும் இன்றி மாணவர் குழு காட்டினுள் நுழையலாகாது. பாம்புக்கடி முறிமருந்து எந்த மருத்துவமனையில் உள்ளது, அங்கே செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்னரே கேட்டு எழுதிவைப்பதும் இதன் பாற்படும். 108 அவசர ஊர்திச் சேவை 2005-இல் தோன்றியது இம்மாநிலத்தில்தான். ஆனால் கைபேசிக்கு அலைவரிசை எட்டாத இடத்தில் அவ்வெண் பயன்படாது. ஆகையால் குழுவின் ஊர்தி ஒன்று எப்போதும் புறப்படும் நிலையில் நிற்பது நலம்.

கூட்டத்தின் ஆபத்து வேறு வகையினது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதியில் திரண்ட நெரிசலில் 6 பேர் மாண்டனர். பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நாட்களில் திருப்பதி நகருக்கே மாணவரை அழைத்துவரலாகாது. அறிவியல் மையத்தை மட்டும் பார்க்க வந்தாலும் பேருந்து நிலையமும் சாலையும் அதே கூட்டத்தால் நிரம்பியிருக்கும். ஏனைய நாட்களில், இருவர் இருவராக இணைத்து, ஒவ்வொருவரும் தம் இணைக்குப் பொறுப்பு என்று பழக்குவது எண்ணிக்கை எடுப்பதை எளிதாக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும்.

மாணவர்க்கு எத்தனை ஆசிரியர் என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. இங்கிலாந்தில் 1998-இல் வெளியான வழிகாட்டி சிறுவர்க்கு 6 பேருக்கு ஒருவர், மேல்வகுப்பினர்க்கு 15 முதல் 20 பேருக்கு ஒருவர் எனக் குறித்தது. அருங்காட்சியகத்தில் போதுமான எண்ணிக்கை ஆற்றங்கரையில் போதாது. எனவே இடத்தின் இயல்பே அளவுகோலாதல் வேண்டும். மாணவியர் செல்லும் பயணத்தில் ஆசிரியைகள் உடன் இருப்பது கட்டாயம். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை தூய்மையான கழிப்பறை கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமையால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலிருந்து மயங்கி விழும் மாணவியர் உண்டு. பெண் குழந்தையைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடையும் அதன் விலையும்

விபத்து நேர்ந்த மறுநாள் எல்லாச் சுற்றுலாக்களையும் நிறுத்தி ஆணையிடுவது அலுவலகங்களுக்கு எளிது. 2014 ஏப்ரலில் சேவோல் கப்பல் மூழ்கி 250 பள்ளி மாணவர்கள் இறந்தபோது தென்கொரியாவும் பள்ளிப் பயணங்களை நிறுத்திவைத்தது. அத்தகைய பெருந்துயரில் அது இயல்பே. ஆனால் தடை நீடித்தால் இழப்பு யாருக்கு? வசதி படைத்தோர் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பெற்றோருடன் எங்கும் செல்வர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ஏவுகணையின் புகைத்தடத்தைத் தம் ஊர் வானில் கண்டும், அந்த இடத்தைப் பள்ளி அழைத்துச் சென்றாலன்றி என்றும் காணாத குழந்தைகள் இவ்விரு மாவட்டங்களிலும் மிகப் பலர்.

ஜப்பான் வேறொரு வழியைக் காட்டிற்று. 1955 மே 11 அன்று செத்தோ உள்கடலில் மூடுபனியில் 'ஷியுன் மாரு' என்ற கப்பல் மோதி மூழ்கியது. இறந்த 168 பேரில் 100 பேர் கல்விச் சுற்றுலா சென்ற மாணவர்கள். அந்நாடு சுற்றுலாவைக் கைவிடவில்லை. பள்ளிகளில் நீச்சற் குளங்கள் கட்டப்பட்டன. நீச்சல் பாடத்தின் பகுதியாயிற்று. கடலைக் கடக்கப் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்று, 1988-இல் செத்தோப் பெரும்பாலம் திறக்கப்பட்டது. நம் அரசுப் பள்ளிகளில் நீச்சல் கற்பிக்கும் ஏற்பாடு மிக அரிது. ஏரிகளும் கிணறுகளும் நிறைந்த சித்தூர் மாவட்டத்தில் அது சுற்றுலாவுக்கு மட்டுமன்றி அன்றாட வாழ்வுக்கும் வேண்டியதாகும்.

முடிவெடுக்கும் உரிமை

விதிகள் பல இருந்தும் விபத்து நேர்வதற்கு ஒரு காரணம், களத்தில் 'வேண்டாம்' என்று சொல்லத்தக்கவர் யார் என்பது தெளிவாக இல்லாமையே. ஓட்டுநர் குறுக்கு வழி என்கிறார். மாணவர்கள் ஐந்து நிமிடம் என்று கெஞ்சுகின்றனர். மூத்த ஆசிரியர் ஒருவர் சம்மதிக்கிறார். இளைய ஆசிரியை ஆபத்தை உணர்ந்தும் வாய் திறக்கத் தயங்குகிறார். பயணத் தலைவர் ஒருவரைத் தலைமையாசிரியர் எழுத்து வழி நியமிக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத எந்த நிறுத்தத்தையும் சேர்க்க அவருக்கும் அதிகாரம் கூடாது. திட்டத்தில் உள்ள எதனையும் ரத்து செய்ய முழு அதிகாரம் வேண்டும். உடன் செல்லும் ஆசிரியர் எவரேனும் ஒருவர் மறுத்தாலும் அந்த நிகழ்ச்சி கைவிடப்பட வேண்டும் என்று விதி செய்தால் இளையவர் தயக்கமும் நீங்கும். ரத்து செய்ததற்காகச் செலவுக் கணக்கில் தணிக்கைக் குறிப்பு எழுதப்படாது என்ற உறுதியைத் துறை அளிப்பது அவசியம். மழையைக் கண்டு பாதி வழியில் திரும்பிய ஆசிரியர், வாடகை வீணானதற்கு விளக்கம் எழுத நேர்ந்தால் மறுமுறை அவர் திரும்ப மாட்டார்.

அந்தத் தலைவர், பயணத்திற்கு முன் ஒருமுறை தாமே அவ்வழியே சென்று வருதல் எல்லாக் காப்பு நெறிகளிலும் முதன்மையானது. அதற்கான பேருந்துக் கட்டணமும் பணி நாளும் பயணச் செலவின் பகுதியாக அனுமதிக்கப்பட வேண்டும். மாவட்டப் பிரிவினைக்குப் பின், சித்தூர்ப் பள்ளி ஒன்று தலக்கோனா செல்லும்போது மற்றொரு மாவட்டத்தின் எல்லைக்குள் நுழைகிறது; அனுமதி வழங்கிய மாவட்டக் கல்வி அலுவலர் அச்செய்தியைச் செல்லும் மாவட்டத்து அலுவலருக்கும் அனுப்புதல் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

பயணம் முடிந்து மூன்று நாட்களுக்குள் பயணத் தலைவர் ஒரு குறிப்பு எழுதிப் பள்ளியில் வைக்கட்டும். பேருந்து எத்தனை மணிக்குக் கணவாயைக் கடந்தது, எங்கே எண்ணிக்கை ஒன்று குறைந்து பின் சரியாயிற்று, எந்தக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, எந்த மாதத்தில் மடுவின் நீர் எவ்வளவு, எந்த வழிகாட்டி குழந்தைகளோடு பொறுமையாகப் பேசினார் என்பன அதில் இருக்கும். அதன் படி ஒன்று மண்டலக் கல்வி அலுவலகத்தில் இடவாரியாகத் தொகுக்கப்பட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்திற்கு விண்ணப்பிக்கும் வேறொரு பள்ளியின் ஆசிரியர் தம் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன் அதனைப் படித்துக்கொள்வார்.